தேதி போடாத சிப்பாய்

முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ஓவியர்கள் பதுங்குகுழியில் உட்கார்ந்து பென்சிலால் தீட்டிய சிப்பாய்ப் படங்கள் பலவற்றில் தேதி இருக்காது. ஆனால் உடுப்பைப் படிக்கத் தெரிந்தால் வருடத்தை ஓரளவு பிடித்துவிடலாம்.

முதலில் தலையைப் பாருங்கள். பிரெஞ்சுப் படையின் எஃகுத் தலைக்கவசமான அத்ரியான் ஹெல்மெட் என்றால் படம் 1915-க்கு முந்தியதல்ல. உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் கொண்டைதான் அதன் அடையாளம். கொண்டை வெறும் அலங்காரமல்ல, அதன் அடியில்தான் காற்றோட்டத் துளை. நெற்றிச் சின்னத்தில் தீ கக்கும் குண்டு இருந்தால் காலாட்படை, குறுக்கே வைத்த இரு பீரங்கிகள் என்றால் பீரங்கிப்படை. சில படங்களில் ஹெல்மெட்டுக்குத் துணியுறை தெரியும். பளபளப்பை மறைக்கப் போட்டது அது. குண்டுச்சில்லோடு அழுக்குத் துணியும் காயத்துக்குள் போய்ச் சீழ் பிடித்ததால் 1916-இல் கைவிட்டார்கள். அதனால் உறை இருந்தால் காலம் இன்னும் குறுகும். வெறும் கெப்பியை, அதாவது முன்விளிம்பு வைத்த துணித் தொப்பியை, வைத்து 1914 என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஓவர்கோட்டில் நிறைய பேர் ஏமாறுவார்கள். பழைய கோட்டுக்கும் புதியதுக்கும் நீலத்தின் சாயல் வேறு, ஆனால் அதைப் பென்சில் காட்டாது. பட்டனை எண்ண வேண்டும். ஒற்றை வரிசை என்றால் 1914 கடைசிக்குப் பிறகு. இரட்டை வரிசையை நம்பாதீர்கள், பழைய கோட்டிலும் உண்டு, பின்னால் வந்ததிலும் உண்டு.

எனக்குப் பிடித்த சாட்சி சட்டைக் கைதான். இடது கையில் V வடிவப் பட்டைகள் இருந்தால் படம் 1916 ஏப்ரலுக்குப் பிந்தியது. போர்முனையில் முதல் ஓராண்டுக்கு ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. மூன்று பட்டை என்றால் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர். வலது கையில் இருப்பவை காயங்களின் கணக்கு.

பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜேயிடம் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். ஆர்கோன், வெர்டன் போர்முனைகளில் இருந்தவர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். 1917-இல் அவர் வரைந்த 'சீட்டாட்டம்' ஓவியத்தில் உடம்பெல்லாம் குழாய்களும் கூம்புகளும்தான். ஹெல்மெட், பதக்கம் போன்ற சில மட்டும் தப்பித்திருக்கின்றன.

கடைசியாக ஒன்று, பென்சில் படம் அல்லாத அச்சுப்படங்களைப் பற்றி. செப்புத் தகட்டில் நேரே வரைந்து அச்செடுத்தால் இடம் வலமாகும். வலக்கைக் காயப்பட்டை இடக்கைக்குப் போய்ச் சேவைப்பட்டை போலத் தெரியும். சந்தேகம் வந்தால் துப்பாக்கியைப் பாருங்கள்: பிரெஞ்சுச் சிப்பாயின் லெபெல் துப்பாக்கியில் போல்ட் பிடி வலப்பக்கம் இருக்க வேண்டும். கையெழுத்து நேராக இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதை அச்செடுத்த பிறகு பென்சிலால் போடுவது வழக்கம்.