பட்டாசலில் எட்டு நாள் ஹாஸ்டல்

தம்பிக்குச் சென்னையில் இன்ஜினியரிங் சீட் உறுதியான அன்று சாயங்காலமே அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குக் கிளம்பிவிட்டாள். நான் மதுரையிலிருந்து லீவு போட்டுவிட்டுக் கோவில்பட்டி வந்து இறங்கியபோது பட்டாசலில், அதாவது வீட்டு முன்கூடத்தில், ஒரு சின்னச் சீர்வரிசையே விரிந்து கிடந்தது. பச்சை பக்கெட், அதற்குள் இரண்டு மக், ஆறு துண்டு, எவர்சில்வர் தட்டு, டம்ளர் (இனிஷியலோடு பெயர் வெட்டியாகிவிட்டது, இனி கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்), அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில், சுருட்டிக் கட்டிய இலவம்பஞ்சு மெத்தை.

"கட்டில் எத்தனை அடின்னு கேட்டியாம்மா?"

"கட்டில்னா கட்டில்தானட்டி. ஆளு படுக்கத்தான போட்டிருப்பான்."

கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் முதல் சோதனையிலேயே வார்டன் அறைக்குப் போய்விடும் என்று சொன்னேன். பெரும்பாலான ஹாஸ்டல் விதிமுறைகளில் இந்த இரண்டும், தண்ணீர் காய வைக்கிற கம்பியும், இண்டக்‌ஷன் அடுப்பும் கூடாது என்றுதான் இருக்கும். பழைய வயரிங்கில் பத்து ரூமில் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அம்மா நம்பவில்லை. தம்பி சேர்க்கைக் கடிதத்தோடு வந்த விதிமுறைத் தாளை எடுத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கெட்டில் அடுப்படிக்குப் போனது. இப்போது அதில்தான் அப்பாவுக்கு வெந்நீர் காய்கிறது.

எனக்கு இதிலெல்லாம் அனுபவம் உண்டு. 2013-ல் கோவையில் ஒரு கல்லூரி விடுதிக்கு நான் போனபோது அம்மா ஒரு பெரிய சம்படம் நிறைய அதிரசம் கொடுத்துவிட்டிருந்தாள். மூடி லூஸ். நான்காம் நாள் காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புகள் குடும்பம் குட்டியோடு குடியேறியிருந்தன. சுடிதார், ரெக்கார்டு நோட்டு, அடியில் வைத்திருந்த சாமி படம் வரைக்கும் எறும்பு. ரூம்மேட்டுகள் மூன்று பேரும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சீட் கிடைத்த சந்தோஷம், வீட்டை விட்டு வந்த அழுகை எல்லாவற்றையும்விட அந்த நான்காம் நாள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தக் காலத்தில் கவுன்சலிங்குக்கே நேரில் போக வேண்டும். அப்பாவும் நானும் ராத்திரி ரயிலில் சென்னை போய், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்துக்கிடந்து, திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். தம்பி தன் விருப்பப் பட்டியலைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் போட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு 50, 50 என்று இருநூறுக்குக் கட்-ஆஃப் போடுகிற கணக்கு மட்டும் மாறவில்லை.

பணம் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. அவனை ஒன்பதாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றியதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போயிற்று. அதில் சீட் வாங்கியிருந்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும். முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது, வீட்டில் ஒருத்தருக்குத்தான் அது. "அத நீதான தின்னுட்டியேக்கா" என்கிறான். உண்மைதான், தின்றுவிட்டேன்.

அப்பாவின் கவலை வேறு மாதிரி. அவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், அதிகம் பேச மாட்டார். ராகிங் உறுதிமொழிப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப உட்கார்ந்தபோது, பெற்றோரும் தனியாக உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் சீனியரால் கொல்லப்பட்டதை அப்போது பேப்பரில் படித்தவர் அவர். அதற்குப் பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. 2009-ல் யுஜிசி கொண்டுவந்த விதிகளில் முதலாண்டு மாணவர்களைக் கூடியவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்றே இருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1800-180-5522 என்ற ராகிங் உதவி எண்ணைத் தன் சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டார். தம்பியின் போனிலும் பதியச் சொன்னார். "போன் தொலஞ்சா?" என்று கேட்டுவிட்டு, அவனுடைய பர்ஸிலும் ஒரு சீட்டில் எழுதி வைத்தார்.

அப்புறம் பூட்டு. அப்பாவுக்குப் பூட்டென்றால் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுதான். எங்கள் வீட்டு வாசலில் தொங்குவதும் அதுதான். புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஹாஸ்டல் அலமாரி நாதாங்கியில் இருக்கிற ஓட்டை சுண்டுவிரல்கூட நுழையாத அளவில் இருக்கும். என் முதல் பூட்டு அப்படித்தான் நுழையாமல் நான்கு வருஷமும் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மெல்லிய வளைவுள்ள சின்னப் பூட்டு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று சாவி என்று கேட்டு வாங்கினோம். ஒரு சாவி இடுப்பு அர்ணாக்கயிற்றில் இருக்கட்டும் என்றாள் அம்மா. அவன் முகம் போன போக்கைப் பார்த்து நானே சாவிக்கொத்து வாங்கிக் கொடுத்தேன்.

மெத்தை வீட்டோடு நின்றுவிட்டது. சீனியர் ஒருவனிடம் கேட்டதில் கட்டில் ஆறடிக்கு இரண்டரை அடி என்றான், இலவம்பஞ்சு மெத்தை மூன்றரை அடி அகலம். பவானி ஜமக்காளம் ஒன்றும் போர்வையும் போதும், ஃபோம் மெத்தையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது.

இவ்வளவு பேசி முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதினெட்டு வயதாகிறது, இவன் இதுவரை ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்தாலும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவான். பெட்டி நிறையச் சாமான் இருக்கிறது, ஆள்தான் தயாராக இல்லை.

கிளம்ப இன்னும் எட்டு நாள் இருந்தது. அன்று ராத்திரியே அறிவித்தேன்: நாளையிலிருந்து பட்டாசல்தான் உனக்கு ஹாஸ்டல், நான்தான் வார்டன்.

விதிமுறைகள் சுலபம்தான். குளிக்க ஒரு பக்கெட் தண்ணீர், அதுவும் காலை ஆறரைக்குள். துணி நீயே துவைக்க வேண்டும். தட்டு நீயே கழுவ வேண்டும். போட்டதைச் சாப்பிடு, பிடிக்கவில்லையென்றால் பசியோடு இரு. ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட் எரியும், அதற்குள்ளேயே தூங்கப் பழகு. சார்ஜ் போட ஒரே ஒரு பாயிண்ட், அதிலும் நான் முதலில் சொருகியிருந்தால் காத்திரு.

"இது ஹாஸ்டல் மாதிரி இல்லக்கா, ஜெயில் மாதிரி இருக்கு."

முதல் நாள் துவைத்த சட்டையைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டாள். நனைத்து, சோப்பைத் தடவி, அலசிக் கொடியில் போட்டுவிட்டான். காலரில் அழுக்கு அப்படியே இருந்தது. காலரையும் கைமடிப்பையும் மட்டும் முதலில் நனைத்துச் சோப்புப் போட்டு ஐந்து நிமிஷம் விட வேண்டும், பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், பிழிந்த பிறகு நன்றாக உதறி உள்பக்கம் வெளியே வரும்படி காயப் போட வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஜீன்ஸ் பேண்டை ஒற்றை ஆளாகப் பிழிய முடியாது என்பதை அவனே கண்டுபிடித்துக்கொண்டான். குழாயில் ஒரு முனையைச் சுற்றிவிட்டு முறுக்குகிற வித்தையைக் காட்டினேன். அது நான் விடுதியில் தர்மபுரிக்காரி ஒருத்தியிடம் கற்றது.

ஊரில் காலையில் போட்ட துணி மத்தியானம் அப்பளமாகிவிடும். கரிசல் காட்டு வெயில் அப்படி. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் ஜீன்ஸ் காய மூன்று நாள், நாற்றம் போக இன்னும் இரண்டு நாள். அதனால் ஜீன்ஸைக் குறைத்து, ஜட்டி பனியனை டஜன் கணக்கில் எடுத்து வைத்தோம். படர்தாமரை பவுடரும் ஒரு டப்பா. இதை வாங்கும்போது தம்பி கடைக்கு வெளியே நின்றுகொண்டான்.

சாப்பாட்டில்தான் என் நிர்வாகம் ஆட்டம் கண்டது. மூன்றாம் நாள் காலை உப்புமா. ரவை உப்புமா என்றால் எழுந்து போய்விடுகிறவன் அவன். நான் தட்டில் போட்டேன், அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், கொஞ்சம் தண்ணீர் குடித்தான், எழுந்துபோனான். சரி, பசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து ஆம்லெட் வாசம் வருகிறது. போய்ப் பார்த்தால் அம்மா தோசைக்கல்லை முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். "அவன் பச்சப் பிள்ளட்டி" என்கிறாள். ஐந்தே முக்கால் அடிப் பச்சைப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று வெங்காயத்தோடு மென்றுகொண்டிருந்தது. மெஸ்ஸில் எந்த மாஸ்டரும் முந்தானையில் மறைத்து ஆம்லெட் போட்டுக் கொடுக்க மாட்டார் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் உப்புமா போட்டேன். பாதி சாப்பிட்டான். சீனி தொட்டுக்கொண்டான், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மெஸ் பில் கணக்கை அப்பாதான் உடனே பிடித்துக்கொண்டார். நிறைய ஹாஸ்டல்களில் டிவைடிங் சிஸ்டம்தான். அந்த மாதம் அரிசி, பருப்பு, காய், கேஸ் என்று ஆன செலவு மொத்தத்தையும் சாப்பிட்ட ஆட்களின் நாள் கணக்கால் வகுத்துவிடுவார்கள். 120 பேர் 30 நாள் சாப்பிட்டால் 3,600 நாள். செலவு 3,60,000 ரூபாய் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஊருக்குப் போகும்போது மெஸ் கட் நோட்டில் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாட்கள் கழியும். நான் முதல் பொங்கலுக்கு ஊருக்கு ஓடிவந்த அவசரத்தில் எழுத மறந்து, ஆறு நாள் சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணம் கட்டினேன். "அப்போ எழுதாம வந்தா வீட்டுச் சோத்துக்கும் காசு, மெஸ்ஸு சோத்துக்கும் காசு" என்றார் அப்பா. பல வருஷமாகத் தீப்பெட்டிப் பண்டல் கணக்கு எழுதுகிறவருக்கு இது புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆறாம் நாள் அவனைத் தனியாக வங்கிக்கு அனுப்பினேன். இதுவரை எந்த ஆபீஸிலும் அவனாக வாயைத் திறந்ததில்லை, அப்பா பின்னால் நிற்பதோடு சரி. போட்டோ எடுத்துப் போகாமல் திரும்பி வந்தான். மறுபடி போனான், ஆதார் ஜெராக்ஸில் கையெழுத்துப் போடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கணக்கோடு வந்தான். அன்றைக்கே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருபது, எல்லாச் சான்றிதழுக்கும் ஐந்து செட் ஜெராக்ஸ், போனில் ஸ்கேன் என்று அவனே செய்து ஃபைலில் வைத்துவிட்டான். நான் சொல்லவே இல்லை.

கடைசி நாள் பரணிலிருந்து என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அந்துருண்டை வாசம். உள்ளே அந்த நுழையாத மாங்காய்ப் பூட்டு, ஒரு கொத்துத் துணி கிளிப், பச்சை நைலான் கொடிக்கயிறு. அவனுக்கு ரூமில் அலமாரி இருக்கிறது, பெட்டி வேண்டாம். கயிறையும் கிளிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டான். தின்பண்டம் என்று ஆறு பாக்கெட் கடலை மிட்டாய், சீல் பிரிக்காதது. ரூமுக்குள் நுழைந்ததும் முதல் பாக்கெட்டைப் பிரித்துச் சுற்றிக் கொடுத்துவிடு என்று சொல்லியிருந்தேன். அதிரசம் கிடையாது என்று அம்மாவிடம் சத்தியமே வாங்கிவிட்டேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் அப்பாவும் அவனும் போனார்கள். தாம்பரத்தில் இறங்கியதும் அப்பா போன் செய்தார், சேர்த்துவிட்டு மறுநாள் திரும்பிவிட்டார். அவன் மூன்று நாள் கழித்துத்தான் கூப்பிட்டான். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

ரூம்மேட் ஒருத்தன் ஊட்டிக்காரன், காலர் துவைக்கத் தெரியாமல் முழிக்கிறான், இவன்தான் சொல்லிக் கொடுத்தானாம். கொடிக்கயிறு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் சரியான நீளமாம். கடலை மிட்டாய் காலியாம்.

"சாப்பாடு எப்படிய்யா?" என்றாள் அம்மா.

"நேத்து காலைல உப்புமாம்மா. ஆம்லெட் வேணும்னா தனியா டோக்கன் வாங்கணும், அதுக்குப் பில்லு வரும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அப்பாவின் போனை என் கையில் கொடுத்து, "அவனுக்கு ஐந்நூறு ரூபா ஜிபே பண்ணு" என்றாள்.