கல்கத்தாவில் தோற்றவர்

மார்ச் 4

சதுரங்கத்தில் கறுப்புக்காய்க்கான கிரன்ஃபெல்டு தடுப்பாட்டம் பழகலாம் என்று பழைய ஆட்டங்களைத் தேடினால், தேடல் 1855இல் போய் நிற்கிறது. ஊர் கல்கத்தா. வெள்ளைக்காய் ஜான் காக்ரன், ஸ்காட்லாந்துக்கார பாரிஸ்டர். கறுப்புக்காய் மகேஷ் சந்திர பானர்ஜி. ஊர்ப்புறத்தில் யாரிடமும் தோற்காத பிராமணர் ஒருவர் இருக்கிறார் என்ற பேச்சுதான் காக்ரனை அவர் முன்னால் உட்கார வைத்தது. இந்தத் தடுப்புக்குப் பெயர் தந்த எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்டு பிறந்ததே 1893இல்!

மார்ச் 5

ஆட்டத்தைப் பலகையில் போட்டுப் பார்த்தேன். குதிரை வெளியே வருகிறது, ஜி6 கட்டத்தில் சிப்பாய், மூன்றாவது நகர்த்தலில் டி5 கட்டத்தில் இன்னொன்று. அச்சு அசல் கிரன்ஃபெல்டு. நடுப்பலகையை வெள்ளைக்கு விட்டுவிட்டு, ஜி7 பிஷப்பை வைத்துத் தூரத்திலிருந்து குடைகிறார் பானர்ஜி. கொஞ்ச நேரம் எனக்கும் அவர் பக்கம்தான் பிடித்திருந்தது. அப்புறம் காக்ரனின் குதிரை எஃப்7இல் பாய்ந்தது. பானர்ஜி எதிரி ராணியைத் தாக்கக் குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். இரண்டு காய்கள் ஒரே நேரத்தில் ராஜாவைத் தாக்கும் இரட்டை செக், ஜி8இல் ராணி பலி, யானை அதை வெட்ட, சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சுமுட்டி நின்ற ராஜாவுக்குக் குதிரையாலேயே மேட்.

மார்ச் 9

'காலத்தை முந்திய மேதை' என்று எழுத எனக்கு மனமில்லை. நம் நாட்டுப் பழைய விதிப்படி சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். அப்படியே ஆடி வளர்ந்தவருக்கு ஜி6, டி6 என்று மெல்ல அடியெடுத்து வைத்து, பிஷப்பை மூலையிலிருந்து விடுவது கைப்பழக்கம். ஐரோப்பாவில் அதற்கொரு கொள்கை பிறக்க 1920கள் வரை ஆயிற்று. கிரன்ஃபெல்டு அதே தடுப்பை வைத்து பின்னாளில் உலக சாம்பியனான அலெக்கைனைத் தோற்கடித்தது 1922இல், வியன்னாவில். இதில் எனக்கு வியப்பு பானர்ஜியின் பிடிவாதத்தில்தான். புது விதிகளைக் கற்றுக்கொண்டார், ஆனால் தன் ஆட்டத்தை விடவில்லை.

மார்ச் 10

காக்ரனுக்குப் பெயர் நின்றுவிட்டது. பெட்ரோவ் தடுப்பு என்ற இன்னொரு தொடக்க ஆட்டத்தில் நாலாவது நகர்த்தலிலேயே குதிரையை எஃப்7இல் பலி கொடுப்பதற்குப் பெயர் காக்ரன் கேம்பிட் (கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே காயைப் பலி கொடுக்கும் ஆட்டம்). 1999இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் கிராம்னிக்குக்கு எதிராக டோபலோவ் போன்ற முன்னணி வீரர்கூட அதை ஆடினார். 1848இல் காக்ரன் அதைப் போட்டுப் பார்த்தது யார்மேல்? இதே பானர்ஜிமேல்தான்.

இருவரும் ஆடியவற்றில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் காக்ரன்தான் ஜெயித்தார். சரி, அடுத்து பானர்ஜி ஜெயித்தவற்றைத் தனியே எடுத்து வைத்துப் பார்க்கப் போகிறேன்.