கருவி எங்கே தொங்கவேண்டும் என்று பிள்ளைகள் சொல்லட்டும்

வடசென்னைப் பிள்ளைகளைக் கொண்டு காற்று மாசை அளக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதல் நாளே கருவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிள்ளைகள் ஆய்வாளர்களாக அல்ல, எடுபிடிகளாகத்தான் இருப்பார்கள். முதலில் கொடுக்கவேண்டியது பெரிய தாளில் அச்சிட்ட தெரு வரைபடமும் பென்சிலும்.

எர்ணாவூர், மணலி, அத்திப்பட்டுப் பக்கம் வளர்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எந்தத் தெருவில் கன்டெய்னர் லாரி இரவெல்லாம் இன்ஜினை அணைக்காமல் நிற்கும், எந்தக் காற்றடித்தால் ரசாயன வாடை வரும், எங்கே குப்பை எரிப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். அரை நாள் நடந்தே அதைக் குறிக்கட்டும். பிறகு அதிலிருந்து அளக்கக்கூடிய ஒரு கேள்வியைப் பிடிக்கவேண்டும். “எங்க ஏரியாவில் மாசு அதிகமா?” என்பதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. “பள்ளிக்கு நடக்கும் காலை 7 முதல் 9 வரை, லாரிச் சாலையோரத்துக்கும் உள் தெருவுக்கும் எவ்வளவு வித்தியாசம்?” என்பதற்குச் சொல்லும். தெருவுக்குத் தெரு மாசில் உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்ட ஓரிடத்து எண் போதாது. இரண்டு இடங்கள், ஒரே நேரம், ஒரே வகைக் கருவி வேண்டும்.

கருவிக்கு லேசர் ஒளியால் காற்றுத் துகளை எண்ணும் பிளான்டவர் பிஎம்எஸ்5003 சென்சார், அதன் தரவை வாங்கிப் பதியும் சிறு கணினியான ஈஎஸ்பி32 போர்டு, ஈரப்பதம் பார்க்க டிஎச்டி22, நேரம் தவறாமலிருக்க டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, ஒரு மெமரி கார்டு போதும். சென்சாருக்கு 5 வோல்ட் வேண்டும், ஆனால் அதன் தரவு இணைப்பு 3.3 வோல்ட்டில் பேசும். வைஃபையை மட்டும் நம்பினால் கரன்ட் போகும் நாளெல்லாம் தரவில் ஓட்டை விழும், அதனால் கார்டில் பதிவது கட்டாயம். காற்று நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்க, நிழலில், தரையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் தொங்கவிடவேண்டும். டீக்கடை அடுப்பு, ஜெனரேட்டர், ஊதுபத்தி ஏற்றும் தெருக்கோயில் பக்கத்தில் வேண்டாம். கடலோரத்தில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும், சிலந்தி உள்ளே கூடு கட்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

எல்லாரும் அவசரத்தில் தாண்டிவிடும் கட்டம் ஒன்று உண்டு. எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் பக்கம்பக்கமாக ஒரு வாரமாவது ஓடவிடவேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையத்தை ஒட்டி வைக்க அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றவற்றோடு ஒத்துப்போகாத கருவியை ஒதுக்குங்கள். பாதி ஆய்வில் இரண்டு இடத்துக் கருவிகளையும் மாற்றி வையுங்கள். வித்தியாசம் இடத்தோடு தங்கினால் அது மாசு, கருவியோடு நகர்ந்தால் கருவியின் கோளாறு. இதைப் பிள்ளைகளே செய்து பார்த்தால், பிறகு யார் குறுக்குக் கேள்வி கேட்டாலும் திணறமாட்டார்கள்.

சென்னையில் ஈரப்பதம் பெரிய தொல்லை. விடியற்காலையில் அது 80 விழுக்காட்டைத் தாண்டும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துப்போகும், சென்சாரின் லேசர் அதை அதிக மாசு என்று எண்ணும். அந்த மணிநேரங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். அமெரிக்கத் தரவிலிருந்து பிறந்த திருத்தச் சமன்பாட்டை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள், இங்குள்ள துகள் வேறு.

இதைவிட முக்கியமான குறை, இந்த சென்சார் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் சரியாகப் பார்க்காது. அது காட்டும் பிஎம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்களின் அளவு) பெரும்பாலும் நுண்துகளை வைத்துப் போட்ட ஊகம். அனல்மின் நிலையப் பக்கத்து மக்களின் புகாரே அந்தப் பெருந்தூசிதான். அதற்கு 20 செ.மீ. வாய் விட்டமுள்ள வாளியை மொட்டைமாடியில் 30 நாள் வையுங்கள். படிந்ததை வடித்து, உலர்த்தி, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் மில்லிகிராம் வரை எடை போடுங்கள். கிராமில் வந்த எடையை 0.0314 ஆலும் பின் 30 ஆலும் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் தூசி கிடைக்கும். காக்கை எச்சம் விழுந்த வாளியைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

வாயுவுக்கு நோட்டுப் புத்தகம்தான் நல்ல துணை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது அந்த நெடிதான். துகள் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. நேரம், காற்றின் திசை, வாடையின் வகை, கண்ணெரிச்சல், இருமல் என்று தினமும் எழுதினால், வாடை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது சில வாரங்களில் தெளிவாகும்.

பிள்ளைகளின் உழைப்புக்கு ஊதியம் கொடுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளை இலவசமாக வரமுடியாது, அவர்கள் வராவிட்டால் எந்தத் தெரு விடுபடும் என்று யோசியுங்கள். பெற்றோர் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வீசிங் உள்ள பிள்ளையை லாரிச் சாலையில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்குள் அளந்ததை வீடு தெரியும்படி வரைபடத்தில் போடாதீர்கள். மூலத் தரவின் ஒரு நகல் பிள்ளைகளிடமே இருக்கட்டும்.

ஏரியா சபையிலோ பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலோ பேசும்போது, பத்து நிமிட அளவை 24 மணிநேர வரம்போடு ஒப்பிட்டால் அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார். பிஎம் 2.5-க்கு (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்) இந்திய வரம்பு 24 மணிநேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில் இவை 15, 5. முழு நாள் தரவு இருந்தால் மட்டும் இவற்றைத் தொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தெருக்களின் வித்தியாசத்தையும் அதே நேரத்தில் எண்ணிய லாரிகளின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் பக்கம்பக்கமாக வையுங்கள். அந்தத் தாளை எழுதிய பிள்ளையே எழுந்து வாசிக்கட்டும்.