கப்பன் பூங்காவின் எண்கோண மேடை: மாதிரி செய்து பார்த்த அனுபவம்

பெங்களூரு கப்பன் பூங்காவிலுள்ள வார்ப்பிரும்பு பேண்ட் மேடையின் சிறு மாதிரியை மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையிலும், ஊற்றினால் இறுகும் ரெசின் என்ற பிசினிலும் செய்துவருகிறேன். பீடம், தூண்கள், கூரை மூன்றும் முடிந்துவிட்டன. கைப்பிடிக் கிராதி மட்டும் பாக்கி.

வேலையைத் தொடங்குமுன் பூங்காவின் வரலாற்றைப் படித்தேன். மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி, அட்டார கச்சேரி என்ற சிவப்புக் கட்டடத்தை முடித்த சில ஆண்டுகளுக்குள், 1870இல் அதன் பின்புறம் சுமார் 100 ஏக்கரில் இப்பூங்காவை அமைத்தார். அப்போது பொறுப்பு ஆணையராக இருந்த ஜான் மீடின் பெயரால் மீட்ஸ் பார்க் என்றும், பிறகு மைசூரின் முன்னாள் ஆணையர் மார்க் கப்பனின் பெயராலும் அழைக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்கு, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரது ஆட்சியின் வெள்ளி விழாவையொட்டி 1927இல் ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா என்று பெயர் சூட்டப்பட்டது. ஊரார் வாயில் இன்றும் கப்பன் பார்க்தான்.

பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் வாசித்த மேடை இது. சபா மேடைக்கு முன்புறம், பின்புறம் என்று உண்டு, இதற்குக் கிடையாது. கேட்பவர்கள் புல்வெளியில் நாலாபுறமும் இருப்பார்கள் என்பதால்தான் எண்கோணம், உயர்ந்த பீடம், சுவரே இல்லாத அமைப்பு, பார்வையை மறைக்காத ஒல்லியான தூண்கள் என்று எல்லாம் அமைந்திருக்கின்றன. மேலே கூரை இல்லாவிட்டால் பித்தளைக் குழல்களின் ஒலியில் ஒரு பகுதி வானத்தோடு போய்விடும். கூரை அதைத் தடுத்துக் கூட்டத்தின் பக்கம் திருப்புகிறது. இதை நான் படித்து அறிந்திருந்தாலும், என் கையால் தூண்களை நட்டு, மேசையைச் சுற்றிவந்து பார்த்தபோதுதான் முழுமையாக விளங்கியது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது கூரைதான். எட்டு முக்கோணங்களை, உச்சிக்கோணம் 45 பாகை வீதம் வெட்டி ஒட்டினால் 360 பாகையும் நிறைந்து கூரை தட்டையாகப் படுத்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 18 செ.மீ. அகலமும் நடுவில் 4 செ.மீ. உயரமும் வேண்டுமென்று வைத்துக் கணக்கிட்டதில், அடிப்பக்கம் 7.46 செ.மீ., சாய்வு உயரம் 9.85 செ.மீ., உச்சிக்கோணம் சுமார் 41.5 பாகை என்று வந்தது. ஒரே தாளில் எட்டையும் வரைந்து, மடிப்புக் கோடுகளைப் பாதி ஆழத்துக்கு மட்டும் கீறி, மிஞ்சிய 28 பாகை இடைவெளியை இழுத்து ஒட்டியதும் கூரை தானாகவே குவிந்து எழுந்து நின்றது. தனித்தனியாக வெட்டி ஒட்டுவதைவிட இதுவே நல்ல முறை. முனைகள் உச்சியில் பிசகாமல் சேர்கின்றன.

தூணுக்கு ஒரே ஒரு மூலத்தைச் செதுக்கி, சிலிகான் அச்செடுத்து, நடுவில் எஃகுக் கம்பி வைத்து ரெசின் ஊற்றினேன். வார்ப்பிரும்புக் காலத்துப் பட்டறைகளும் ஒரே மூலத்தை வைத்தே பல தூண்களை வார்த்தன என்பதால், மாதிரிக்கும் இதே வழிதான் பொருத்தம் என்று தோன்றியது.

அடுத்தது கிராதி. அட்டையில் வெட்டினால் தடிமன் கூடிவிடுகிறது. மெல்லிய செப்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துப் பார்க்கப்போகிறேன்.