கிராபிக்ஸ் கார்டு எனக்குத் தண்ணீர் காட்டிய கதை

கணினிக்குள் முக்கால் லிட்டர் தண்ணீரை ஊற்றப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஊற்றுவதற்கு முன்னால் என் போட்டோக்களை எல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டீர்களா?”

எடுத்து வைக்கவில்லை. அன்று இரவே உட்கார்ந்து எடுத்து வைத்தேன்.

என் கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது 320 வாட் மின்சாரம் இழுக்கும். இழுப்பதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வது, அதாவது கணினியைக் கணக்குப் போடவைத்து முழுப் படமாக்குவது, என் வேலை. ஒரு ரெண்டர் சில நாள் ஆறு மணி நேரம்கூடப் போகும். அவ்வளவு நேரமும் கார்டின் மூன்று விசிறிகளும், அறைக்குள் யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டு மறந்து போனதைப் போல இரைந்துகொண்டிருக்கும். சத்தத்தைக்கூடக் காதில் பஞ்சை வைத்துச் சமாளிக்கலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தவை எண்கள். சில்லின் சராசரி வெப்பம் 79 டிகிரி, சில்லில் மிகச் சூடான இடத்தைக் காட்டும் ஹாட்ஸ்பாட் 94, மெமரி 104. என் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி. 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லைக்கு ஆறு டிகிரி தள்ளி நின்றுகொண்டு நாள் முழுக்க வேலை செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, குழாயில் சுற்றி ஓடும் தண்ணீரால் சூட்டை வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன்.

கார்டின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை ஓடும் நீருக்குக் கடத்தும் உலோகக் கட்டிக்கு வாட்டர் பிளாக் என்று பெயர். அதை வாங்குவது சட்டை வாங்குவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல்செட் வாங்குவது போல இருந்தது. ஒரே சில்லை வைத்து வெவ்வேறு நிறுவனங்கள் கார்டு செய்கின்றன. ஒவ்வொன்றின் சர்க்யூட் போர்டிலும் மெமரியும் மின்தேக்கிகளும் திருகுத் துளைகளும் இருக்கும் இடம் வேறு. கார்டை முழுவதுமாக மூடும் பிளாக் அந்த மேடு பள்ளங்களுக்கு ஏற்றாற்போலக் கடையப்பட்டது. பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பாமல், கார்டின் பின்புறம் ஒட்டியிருந்த லேபிளில் இருந்த முழு மாடல் எண்ணை எடுத்துப் பட்டியலோடு மூன்று முறை ஒப்பிட்டேன். நீரின் சூட்டைக் காற்றுக்குத் தள்ளிவிடும் ரேடியேட்டர் விஷயத்தில் ஒரே கண்டிப்புதான்: பிளாக் செம்பு என்பதால் ரேடியேட்டரும் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். அலுமினியத்தைச் செம்போடு ஒரே நீரில் சேர்த்து ஓடவிட்டால் அந்த நீரே மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும்.

அலுவலகத்தில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இந்த வேலையை ஏற்கெனவே இரண்டு முறை செய்தவர். காற்றழுத்தத்தால் கசிவு பார்க்கும் சிறிய கைப்பம்ப்பை இரவல் கொடுத்துவிட்டு, “தம்பி, கழற்றும் திருகுகளை ஓர் அட்டையில் கார்டின் படத்தை வரைந்து அதில் குத்தி வை” என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். இருபதுக்கும் மேற்பட்ட திருகுகள். அவற்றில் நான்கு வெவ்வேறு நீளம். அந்த அட்டை இல்லாவிட்டால் நான் இன்றும் திருகுகளை எண்ணிக்கொண்டுதான் இருப்பேன்.

பிரிப்பதற்கு முன்னால் கார்டைப் பத்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கையில் எடுத்தேன். சில்லுக்கும் அதன் மேல் இருக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகச் சூடு தணிப்பானுக்கும் நடுவே, சூட்டைக் கடத்தத் தடவியிருப்பது தெர்மல் பேஸ்ட். இரண்டு வருடம் காய்ந்தால் அது பசையைப் போலப் பிடித்திருக்கும், இளஞ்சூட்டில் இளகும். எல்லாத் திருகுகளையும் எடுத்த பிறகும் ஹீட்சிங்க் அசையவில்லை. நெம்பக் கூடாது என்பது தெரியும். இரு கைகளாலும் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவது போல மிகச் சிறிதாக இடமும் வலமும் அசைத்தேன். சக்கென்று ஓர் ஈரமான சத்தத்தோடு விட்டது. அந்த நொடியில் மனம் அப்படியே தூக்கிவிடு என்கிறது. தூக்கினால் போச்சு. கீழே விசிறிகளுக்குப் போகும் இரண்டு மெல்லிய ஒயர் கொத்துகள் இருக்கின்றன; அவற்றின் கனெக்டர் அரிசி மணி அளவுதான். புத்தகம் திறப்பது போல ஒரு பக்கம் மட்டும் தூக்கி, சிறிய இடுக்கியால் கனெக்டரை மெதுவாகத் தள்ளிக் கழற்றினேன்.

உள்ளே சில்லு கண்ணாடி மாதிரி பளபளத்தது. பிராசஸருக்கு இருக்கும் உலோக மூடி இதற்குக் கிடையாது, வெறும் சிலிக்கான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தபோது விரலில் ஒரு மோதிரம் இருந்தது நினைவுக்கு வந்து, எழுந்து போய்க் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். மெமரி போன்ற மற்ற பாகங்களின் சூட்டைக் கடத்த ஒட்டியிருந்த மெத்தென்ற துண்டுகளான பழைய தெர்மல் பேட்கள் சில்லுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கை விட்டிருந்தன. அதையும் துடைத்தேன்.

புதிய பிளாக்கோடு இரண்டு பேட் தாள்கள் வந்திருந்தன. ஒன்று 1 மி.மீ. கனம், மற்றொன்று 1.5 மி.மீ. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மெமரிக்கு மெல்லியது, மின்னழுத்தச் சீராக்கிகளுக்குக் கனமானது என்று விளக்கத் தாளில் படம் போட்டிருந்தார்கள். மளமளவென்று வெட்டி ஒட்டினேன். சில்லின் மேல் பேஸ்ட்டை ஓரம் வரை தடவி, பிளாக்கை வைத்து, நான்கு திருகுகளையும் குறுக்கு நெடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

எனக்குப் பயமெல்லாம் தண்ணீரில் இருந்தது. அதனால் நேரத்தை எல்லாம் அங்கே கொட்டினேன். ரேடியேட்டருக்குள் காய்ச்சி வடித்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கி வடித்தால், முதல் தடவை கறுப்புத் துகள்களும் பற்றவைப்புக் கழிவும் வந்தன. நான்காவது தடவைதான் நீர் தெளிவாக வந்தது. இதைச் செய்யாமல் விட்டால் அந்தத் துகள்களெல்லாம் பிளாக்கின் மயிரிழைப் பள்ளங்களுக்குள் போய்க் குடியேறும்.

ஃபிட்டிங்குகளில் நான் ஒரு மடத்தனம் செய்யப் பார்த்தேன். வீட்டுக் குழாய் வேலை பார்த்த பழக்கத்தில் டெஃப்லான் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தேன். இங்கே புழங்கும் ஜி 1/4 மரை நேர் மரை. கசிவைத் தடுப்பது மரை அல்ல, அடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங். டேப்பைச் சுற்றினால் அந்த ரிங் சரியாக அமராமல் போகலாம். கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு துளி இறுக்கினால் போதும். டியூப் விஷயத்தில் அழகைப் பார்க்கவில்லை. ஒளி ஊடுருவும் மென் பிளாஸ்டிக் குழாய்களில் இருந்து நாளடைவில் ஒரு மெழுகுப் பொருள் கசிந்து நீரில் கலந்து பள்ளங்களை அடைக்கும் என்று படித்திருந்தேன். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள கறுப்பு ரப்பர் டியூப் வாங்கினேன். பார்க்கத் தோட்டக் குழாய் மாதிரிதான் இருக்கும்.

எது முன்னால், எது பின்னால் என்று ஒரு மாலை முழுக்கத் தாளில் வரைந்து வீணடித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், 320 வாட் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அது நாலரை டிகிரிதான் கூடியிருக்கும். ஆக, சுற்றில் எந்த இடத்திலும் நீரின் வெப்பம் பெரிதாக மாறப் போவதில்லை. ஒரே விதிதான் முக்கியம்: நீர்த்தொட்டி பம்ப்புக்கு நேர் முன்னால், அதற்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் வறண்டு ஓடினால் நிமிடக் கணக்கில் பாழாகும்.

காற்றுச் சோதனையில் அரை பார் அழுத்தம் ஏற்றி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் முள் மெல்ல இறங்கியது. ஒவ்வொரு ஃபிட்டிங்காகக் கழற்றிப் பார்த்ததில் தொட்டியின் மேல் மூடி ஒரு சுற்று பாக்கி. முறுக்கிய பிறகு கால் மணி நேரம் முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் நீர். கணினியின் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் போகாதபடி எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனைக் கனெக்டரில் 16-ஆம் முனையையும் 17-ஆம் முனையையும் இணைக்கும் சிறிய செருகியைப் போட்டு, பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன். தொட்டியை நிரப்புவது, இரண்டு விநாடி ஓடவிடுவது, காலியாவதற்குள் நிறுத்துவது, மீண்டும் நிரப்புவது. கடைசியில் கிட்டத்தட்ட 700 மில்லி போயிற்று. கேஸை முன்னும் பின்னும் சாய்த்து ஆட்டியபோது ரேடியேட்டருக்குள் சிக்கியிருந்த காற்று கொப்பளித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ தாளை விரித்துவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். நான் இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் எல்லாவற்றையும் இணைத்து ரெண்டர் போட்டேன். மெமரி 62 டிகிரி! 104-இல் இருந்து 62. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அப்புறம்தான் மற்ற இரண்டு எண்களும் கண்ணில் பட்டன. சில்லு 66. ஹாட்ஸ்பாட் 98. விசிறி இருந்த காலத்தைவிட நாலு டிகிரி அதிகம்.

பம்ப்பை முழு வேகத்தில் வைத்தேன். ஒரு டிகிரி குறைந்தது. பிளாக்கில் காற்றுக் குமிழி நிற்கிறதோ என்று கேஸை மறுபடி சாய்த்து ஆட்டினேன். பேஸ்ட் செட்டாக நேரம் வேண்டுமோ என்று ஒரு நாள் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“தண்ணீரின் வெப்பம் எவ்வளவு?” என்று கேட்டார்.

“41 அண்ணா. அறை 29.”

“அப்படியானால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. தண்ணீரை விட்டுவிடு தம்பி. சூடு தண்ணீருக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே எங்கோ மாட்டிக்கொள்கிறது.”

சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே 25 டிகிரி வித்தியாசம். பாதி இருந்திருக்க வேண்டும். சில்லுக்குள்ளேயே ஓர் இடம் மற்ற இடங்களைவிட 32 டிகிரி கூடுதலாகக் கொதிக்கிறது. மெமரி மட்டும் சொகுசாக இருக்கிறது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த 62-தான் துப்பு என்று புரிய எனக்கு இன்னும் அரை மணி நேரம் ஆனது. மெமரியின் மேல் பிளாக் தேவைக்கு அதிகமாக அழுந்துகிறது. அதனாலேயே சில்லின் மேல் சரியாக உட்காரவில்லை.

பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் நீரை வடிக்க வேண்டும். வடிக்கும் வால்வு ஒன்றை நான் வைக்கவே இல்லை. நீர் உள்ளே போவதைப் பற்றிப் பத்து நாள் யோசித்தவன், வெளியே வருவதைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கேஸைத் தூக்கிச் சாய்த்து நான் பிடித்துக்கொள்ள, மனைவி வாளியை ஏந்த, பாதி வாளியிலும் பாதி தரையிலும் விழுந்தது. வீட்டில் இருந்த துண்டு அத்தனையும் நனைந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிளாக்கைத் தூக்கியதும் பதில் சில்லின் மேலேயே எழுதியிருந்தது. ஒரு விளிம்பில் பேஸ்ட் மெல்லிய படலமாக அழுந்தியிருந்தது. எதிர் விளிம்பில் நான் தடவியபடியே தடித்து நின்றது. பிளாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பேஸ்ட் தடித்து நின்ற பக்கத்து பேட்களை உரித்து வெர்னியர் காலிப்பரில் வைத்தேன். பத்து மெமரி சில்லுகளில் மூன்றின் மேல் இருந்தவை, அழுந்திய பிறகும் மற்றவற்றைவிடக் கனமாக இருந்தன. 1.5 மி.மீ. தாளில் இருந்து வெட்டிய துண்டுகள். மளமளவென்று வெட்டியபோது மேசையில் இரண்டு தாள்களும் கலந்திருக்கின்றன. அரை மில்லிமீட்டர்தான்.

இந்த முறை ஒவ்வொரு துண்டையும் அளந்து, அதன் மேல் உறையில் பேனாவால் எழுதிய பிறகே ஒட்டினேன். நீர் இல்லாமலேயே பிளாக்கைப் பொருத்தி, முறுக்கி, மறுபடி கழற்றி பேஸ்ட் பதிந்த தடத்தைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் ஒரே மாதிரி. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவிப் பொருத்தினேன். முதல் தடவையே இதைச் செய்திருந்தால் செலவு கால் மணி நேரமும் கொஞ்சம் பேஸ்ட்டும்தான். சுற்றின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டி-ஃபிட்டிங்கும் வால்வும் சேர்த்தேன்.

இப்போது அதே ரெண்டரில் சில்லு 52, ஹாட்ஸ்பாட் 63, மெமரி 70. மெமரி எட்டு டிகிரி ஏறியதைப் பார்த்து இந்தத் தடவை சந்தோஷப்பட்டேன். ரேடியேட்டரின் மூன்று விசிறிகளும் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஓடுகின்றன, சத்தமே இல்லை. இரைச்சல் அடங்கியதும் கார்டின் மின்சுருள்கள் மெல்லிய குரலில் கீச்சிடுவது கேட்க ஆரம்பித்தது. அது முன்பும் இருந்திருக்கும். அதற்கு என்னிடம் வைத்தியம் கிடையாது.

ஆறு மாதம் ஆகிறது. தொட்டியில் நீர்மட்டம் விரல்கடை அளவு இறங்கியிருக்கிறது. ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவது வழக்கம்தானாம், ஊற்றிச் சரிசெய்தேன். பம்ப்புக்குக் கீழே அன்று இரவு விரித்த டிஷ்யூ தாள் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, காய்ந்து, ஓரத்தில் தூசி படிந்து. போன வாரம் தூசி தட்டும்போது மனைவி அதைக் காட்டி, “இதை எடுத்துவிடலாமே” என்றாள்.

“இருக்கட்டும்” என்றேன்.