ஊருணிக்கு முன்பாக வரத்துக்கால்: ஒரு கோரிக்கை தீர்மானமான விதம்

செட்டிநாட்டில் நான் வசிக்கும் நகரத்தில், எங்கள் பகுதி ஊருணியைச் சீரமைக்கும் திட்டத்தில் அதற்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலையும் சேர்க்க வைப்பதற்காக நாங்கள் கடந்து வந்த வழியை, இதே முயற்சியில் இறங்குவோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஊருணியை மேம்படுத்த வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2022 நவம்பரில் வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கியதால், கோரிக்கையை முறையாக முன்வைக்க இடமும் கிடைத்தது. ஆனால் முதலில் தயாரான வரைவில் சுற்றிலும் கான்கிரீட் தடுப்புச் சுவர், பேவர் பிளாக் நடைபாதை, இருக்கைகள், உயர்கோபுர விளக்கு எல்லாம் இருந்தன. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வரும் என்பது மட்டும் இல்லை.

இங்குள்ள பெரிய வீடுகளில் ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் சேர்ந்து, கிணற்றுக்கும் தொட்டிக்கும் போக மிஞ்சியது தெருவழியாக ஊருணிக்குச் செல்லும்படி அமைத்திருந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்வதால், 1,000 சதுர மீட்டர் கூரையில் மட்டும் 9 லட்சம் லிட்டர் விழுகிறது. சபையில் இந்தக் கணக்கைப் படித்தபோது, மூத்த ஆச்சி ஒருவர், "ஊருணி பெருகுனாத்தான் தம்பி, எங்க கெணறு ஏறும்" என்றார். என் கணக்கைவிட அவருடைய பேச்சுக்கே கூட்டம் அதிகம் செவிசாய்த்தது.

அடுத்த கட்டம்தான் நீண்டது. ஊருணி, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் தெளிவாக இருந்தது. வரத்துக்காலோ சில இடங்களில் வாய்க்கால் புறம்போக்காகவும், சில இடங்களில் தெருவாகவும், ஓரிடத்தில் வீட்டு மனையின் ஓரமாகவும் சிதறிக் கிடந்தது. நகர நில அளவைக்குப் பிறகு எண்கள் மாறிவிட்டதால், பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியலைப் பெற்று, பழைய புல வரைபடத்தின் மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துண்டாகக் குறித்தோம். பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1970களில், வெள்ளம் பாயும் ஆற்றோரத் தாழ்நிலங்களில் ஏரியுடன் கூடிய பூங்காக்களை அமைத்ததை ஒரு கூட்டத்தில் விளக்கினேன். ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார்கள், ஆனால் கோப்பை நகர்த்தியது புல வரைபடம்தான். வளரும் நாடுகளின் நகரப் பசுமைத் திட்டமிடல் பற்றிய கட்டுரைகளில் இந்த ஆவண வேலைக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

பிறகு மட்டம் பார்த்தோம். தார்ச்சாலையைப் பழைய சாலையின் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதால், தெரு உயர்ந்து, ஊருணிக்குள் தண்ணீர் நுழையும் மடைவாய் பள்ளத்தில் புதைந்திருந்ததைக் கொத்தனார் ஒருவர் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துக் காட்டினார். அதனால் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச் சாலை போட வேண்டும் என்ற நிபந்தனையை மதிப்பீட்டில் சேர்க்கக் கோரினோம்.

மிகவும் சிக்கலானது கழிவுநீர். வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே சாக்கடையில் ஓடும்போது வரத்துக்காலைத் திறந்துவிடுவது ஊருணியைக் கெடுப்பதாகும் என்ற பொறியாளரின் ஆட்சேபம் நியாயமானது. கழிவுநீர்க் குழாய்களைத் தனியே திருப்புவது, மடைவாய்க்கு முன் மண் படியும் தொட்டி கட்டுவது, அதையடுத்துச் சரளைப் படுகையில் கல்வாழையும் கோரையும் வளர்ப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. படுகை எஞ்சிய அழுக்கைக் குறைக்குமே தவிர, ஒரு தெருவின் மொத்தச் சாக்கடையையும் தாங்காது என்பதால், குழாய்களைத் திருப்பும் பணி முடியும்வரை மடையைத் திறக்கக் கூடாது என்றும் எழுதினோம்.

கரையில் நடும் மரங்களைப் பற்றி அதிக விவாதம் எழவில்லை. சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றிவிட்டு நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை நடுவது என்பதை அனைவரும் ஏற்றனர்.

இறுதியில் மன்றத் தீர்மானத்தில் ஊருணியும் வரத்துக்காலும் ஒரே பணியாக இடம்பெற்றன. தடுப்புச் சுவர் மடைவாய் உள்ள பக்கத்தில் கைவிடப்பட்டு, அங்கே கற்சரிவு அமைக்கப்படும். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் மண் தொட்டியைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொன்னோம். அந்த வரி வரைவில் இருக்கிறது. அதற்கான ஆண்டுச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்பது அடுத்த மன்றக் கூட்டத்தில் முடிவாக வேண்டும்.