ஹீலியத்துக்கு ஒரு மார்க்

விடைத்தாள் திருத்தும்போது வந்த கேள்வி இதுதான்: 'அடிநிலையில் உள்ள ஹீலியம் அணுவில் ஒவ்வொரு எலக்ட்ரானின் ஆற்றலையும் கணக்கிடுக.' திருத்துபவர்களுக்குத் தரும் விடைக்குறிப்பான கீயில் இருந்த விடை −54.4 எலக்ட்ரான் வோல்ட். ஹீலியம் அணுக்கருவின் மின்னூட்டம் 2, அதன் வர்க்கம் 4; ஹைட்ரஜனின் 13.6ஐ அந்த நான்கால் பெருக்கினால் வந்துவிடும்.

நான் திருத்திய ஒரு விடைத்தாளில் கணக்கே இல்லை. இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்குவதால் தனித்தனி ஆற்றல் என்று பிரிக்க முடியாது, அணுவுக்கு மொத்த ஆற்றல்தான் உண்டு என்று நாலு வரி. டம்மி நம்பர், எழுதியது யாரென்று தெரியாது.

தலைமைத் தேர்வாளரான சீஃபிடம் காட்டினேன். "சரியாத்தான் எழுதியிருக்கு. ஆனா கேட்டதை எழுதலையேம்மா" என்றார். அஞ்சுக்கு ஒன்று போட்டுவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கணக்குத் தெரியாமல் தத்துவம் எழுதித் தப்பிப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஹீலியத்திலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க 24.6 போதும், அடுத்ததற்குத்தான் 54.4. கீயிலிருந்த எண், ஒரு எலக்ட்ரான் வெளியே போன பிறகே உண்மையாகிறது. இரண்டையும் எடுக்க 79. கீயை நம்பினால் 108.8.

சரி, தோராயம் என்றால் அப்படித்தான். ஒரு எலக்ட்ரான் இன்னொன்றுக்கு அணுக்கருவைக் கொஞ்சம் மறைக்கிறது என்று கொண்டு, மின்னூட்டத்தை 2க்குப் பதில் 27/16 என எடுத்தால் 77.5 வரை வந்துவிடும். தனித்தனி எலக்ட்ரான் என்ற படத்தை விடாமல் எவ்வளவு மெனக்கெட்டாலும் 77.9தான். மீதியைப் பிடிக்க, 1929இல் ஹில்லராஸ் என்ற நார்வே இயற்பியலாளர் எலக்ட்ரான்களுக்கு இடையிலான தூரத்தையே, அவற்றின் நிலையை விவரிக்கும் அலைச் சார்புக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மீதி ஒன்றரை சதவீதம்கூட இல்லை, இதற்கா இவ்வளவு யோசனை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அப்புறம் ஃபுளூரின் ஞாபகம் வரும். அதே படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு ஃபுளூரின் அணுக்கள் மூலக்கூறாகச் சேர்வதைவிடப் பிரிந்திருப்பதே மேல் என்று விடை வருகிறது!

வகுப்பில் நானும் பெட்டி போட்டு, அம்புக்குறி வரைந்து, ஒவ்வொரு எலக்ட்ரானாக நிரப்பித்தான் நடத்துகிறேன். தனிம வரிசை அட்டவணையை வேறெப்படி நடத்துவது?

இந்த வருடம் வினாத்தாள் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அதே கேள்வியைப் போட்டு, 'எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கு விசையைப் புறக்கணித்து' என்று முன்னால் சேர்த்தேன். இப்போது கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாலு வரியை யாராவது மறுபடி எழுதினால், அந்த ஒரு மார்க்கும் கிடையாது.